24 அங்குலம் வந்தால் சரிதான் என்று எழுதி வையுங்கள்

கேள்வி: ஐயா, கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் அப்பா காலத்திலிருந்து அச்சுக்கடை நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பேனர் எல்லாம் உண்டு. பாதி வேலை தமிழில், பாதி மலையாளத்தில். அடோபியின் இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் நேரம் மிச்சப்படுத்த நானே எழுதிய ஸ்கிரிப்ட்கள் (வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரல்கள்) முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றை ஒரு ஏஐ ஏஜென்ட்டோடு இணைத்திருக்கிறேன். ஆர்டர் சீட்டைக் கொடுத்தால் அதுவே சரியான ஸ்கிரிப்ட்டை ஓட்டி ஃபைலைத் தயாராக்கும் என்று நினைத்தேன். ஆனால் 20க்கு 10 அடி பேனர் கேட்டதற்கு 18 அடி சொச்சத்தில் கொடுத்தது. பழைய நோட்டீஸ் ஒன்றில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகிவிட்டது. இன்னொரு நாள் காலையில் கொடுத்த வேலை மதியம் வரை அசையவே இல்லை. மிஷினில் ஏற்றும் முன் எங்கள் டிசைனர் அண்ணன் பார்த்ததால் தப்பித்தோம். ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும் நன்றாக விளக்கம் எழுதிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. எப்படி எழுதுவது? ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா, தமிழிலேயே எழுதலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிற்றூர் வட்டம்)

பதில்:

உங்கள் தம்பி சொல்வது முக்கால்வாசி சரி. மீதிக் காலுக்கு ஸ்கிரிப்ட்டையே கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய விளக்கத்தில் பேனர் ஸ்கிரிப்ட்டுக்கு இருப்பது ஒரே வரி: “அகலம், உயரம் கொடுத்தால் பேனர் வரும்.” உங்கள் டிசைனர் அண்ணனுக்கு இது போதும். கடையில் பேனரைப் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் போடுவீர்கள், மிஷின் பக்கத்தில் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். 20 அடி கேட்டு 24 அங்குலம் வந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஏஜென்ட் என்ன செய்தது? வந்த ஃபைலை அளந்து பார்த்தது. 24க்கு 12 அங்குலம். கேட்டது 240க்கு 120. தப்பாக வந்துவிட்டது, நாமே சரி செய்வோம் என்று பத்து மடங்கு பெரிதாக்கப் போனது. இல்லஸ்ட்ரேட்டரின் சாதாரண கேன்வாஸ் 16,383 பாயின்டுக்கு மேல் போகாது, அதாவது சுமார் 227 அங்குலம். 240 அங்குலம் அதில் அடங்காது. அடங்குகிற வரைக்கும் குறைத்து, முடிந்தது என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு வந்த 18 அடி சொச்சம் அதுதான்.

இதில் ஏஜென்ட்டை முட்டாள் என்று திட்டப் பிரயோசனமில்லை. அது செய்த ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கடையில் புதிதாகச் சேர்ந்த பையனாக இருந்தால், “அக்கா, 24 அங்குலம்தான் வருது, பரவாயில்லையா?” என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பான். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது. தெரியாத இடத்தைத் தன் ஊகத்தால் நிரப்பிவிட்டு மேலே போய்விடும். ஆகவே நீங்கள் எழுத வேண்டியது ஸ்கிரிப்ட் என்ன செய்யும் என்பது மட்டுமல்ல. கடையில் எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே இதுவரை யாரும் எழுதி வைக்காத விஷயங்கள்தான் முக்கியம்.

அந்தப் பேனர் ஸ்கிரிப்ட்டுக்கு நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து, கேட்ட அளவில் காலி பேனரை உருவாக்கும். திறந்திருக்கும் வேறு ஃபைல் எதையும் தொடாது. அகலம், உயரம் இரண்டும் அடிக் கணக்கில், எண் மட்டும். அங்குலத்தில் வந்த ஆர்டரை 12ஆல் வகுத்துக் கொடுக்கவும். சீட்டில் எந்த வரிசையில் எழுதியிருந்தாலும் இங்கே முதலில் அகலம். ஃபைல் பத்தில் ஒரு பங்கு அளவில் உருவாகும்: 20க்கு 10 அடி கேட்டால் 24க்கு 12 அங்குலம் வரும். அது சரியான அளவு, பெரிதாக்கக் கூடாது. இடம்: கேரளம் அல்லது தமிழ்நாடு, இரண்டில் ஒன்று கட்டாயம். சீட்டில் தெளிவாக இல்லையென்றால் ஊகிக்காமல் கேட்கவும். ஏற்கெனவே இருக்கும் பேனரின் அளவை மாற்ற இதைப் பயன்படுத்த வேண்டாம், அதற்கு ‘அளவு மாற்று’ கருவி இருக்கிறது.”

இடம் எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் கேரள அரசு பி.வி.சி பிளக்ஸுக்குத் தடை போட்ட பிறகு, கேரளத்தில் தொங்கப்போகும் பேனரின் அடியில் பி.வி.சி இல்லாதது, மறுசுழற்சிக்கு உரியது என்ற வரியையும் கடைப் பெயரையும் போட்டுத்தான் அனுப்புகிறீர்கள். பொள்ளாச்சிக்குப் போகும் பேனருக்கு அந்த வரி இல்லை. உங்கள் அண்ணன் பார்ட்டியின் முகத்தைப் பார்த்தே இதை முடிவு செய்துவிடுவார். ஏஜென்ட்டுக்கு முகம் தெரியாது. சீட்டில் ‘கோபாலபுரம்’ என்று மட்டும் இருந்தால் அது சென்னைக் கோபாலபுரத்தை நினைத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. எல்லையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் நிறைய உண்டு. அவற்றை விளக்கத்தில் ஒரு வாக்கியமாக மட்டும் விட்டுவிடாமல், கொடுக்காவிட்டால் ஸ்கிரிப்ட் ஓடாத கட்டாய உள்ளீடாகவே வைத்துவிடுங்கள். எம்சிபி வழியாக இணைத்திருந்தால் (ஏஐயோடு வெளிக் கருவிகளை இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட பொதுநெறி அது) ஒவ்வொரு கருவிக்கும், அதாவது உங்கள் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டுக்கும், பெயர், விளக்கம், உள்ளீடுகளின் வரையறை என்று மூன்றும் இருக்கும். அந்த வரையறையில் ‘இந்த இரண்டு மதிப்புகளில் ஒன்றுதான்’ என்று கட்டிப்போட முடியும்.

அளவு பற்றி இன்னும் ஒன்று. இல்லஸ்ட்ரேட்டர் ஸ்கிரிப்ட் எப்போதும் பாயின்ட் கணக்கில் பேசும், ஓர் அங்குலத்துக்கு 72. இன்டிசைனில் அப்படியில்லை. ஸ்கிரிப்ட்டில் யூனிட்டைச் சொல்லாவிட்டால், அந்த ஃபைலின் ரூலர் எதில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. நேற்று மில்லிமீட்டரில் ஓடிய அதே ஸ்கிரிப்ட் இன்று அங்குலத்தில் ஓடும். ஒரு பெட்டியின் எல்லையைக் கேட்டால் இல்லஸ்ட்ரேட்டர் இடது, மேல், வலது, கீழ் என்ற வரிசையில் சொல்லும். இன்டிசைன் மேல், இடது, கீழ், வலது என்று சொல்லும். இரண்டும் ஒரே கம்பெனி சரக்குதான், என்ன செய்ய! பெரிய ஏஐ மாடல்கள் இந்த இரண்டையும் படித்திருக்கின்றன. படித்ததாலேயே ஒன்றின் வரிசையை இன்னொன்றில் போட்டுக் குழப்பவும் செய்யும். இல்லஸ்ட்ரேட்டரில் 2020இல் வந்த பெரிய கேன்வாஸை உங்கள் அண்ணன் எங்காவது பயன்படுத்தியிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். அதில் ஸ்கிரிப்ட் பார்க்கும் எண்கள் நிஜ அளவில் பத்தில் ஒரு பங்குதான். உங்கள் கடை வழக்கத்தின் பத்தில் ஒன்றும், மென்பொருளின் பத்தில் ஒன்றும் சேர்ந்தால் நூறில் ஒன்றாகிவிடும்.

அடுத்து கட்டம் கட்டமாகிப்போன நோட்டீஸ். கடிதத்தில் நீங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கடைக்கு இதுதான் பெரிய கண்டம்.

உங்கள் பழைய தமிழ் ஃபைல்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும், பழைய மலையாள ஃபைல்கள் ஐ.எஸ்.எம் எழுத்துருக்களில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தக் காலத்துக் கடை எதை எடுத்தாலும் கதை இதுதான். பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிந்தாலும் ஃபைலுக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கில விசைகள். ஏஜென்ட் திரையைப் பார்ப்பதில்லை, ஃபைலுக்குள் இருப்பதைத்தான் படிக்கிறது. அதன் கண்ணுக்கு உங்கள் நோட்டீஸ் முழுக்கக் குப்பை. ‘எழுத்துகள் சேதமாகியுள்ளன’ என்று தீர்மானித்து, அதே பெட்டியில் யூனிகோட் (எல்லா மொழிக்குமான இன்றைய பொதுக் குறிமுறை) தமிழை எழுதும். பாமினி எழுத்துருவில் யூனிகோட் தமிழுக்கு வடிவங்களே கிடையாது. கட்டம் வராமல் வேறு என்ன வரும்?

இதற்கு விளக்கத்தில் மூன்று வாக்கியம் வேண்டும். ஒன்று, இந்தக் கருவி யூனிகோட் எழுத்துருவில் செய்த புது டெம்ப்ளேட்களுக்கு மட்டும் என்பது. இரண்டு, ஃபைலில் பாமினியோ ஐ.எஸ்.எம் எழுத்துருவோ இருந்தால் எதையும் திருத்தாமல் நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது. மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது: புதிதாக எழுத்துப் பெட்டி போடக் கூடாது, டெம்ப்ளேட்டில் இருக்கும் பெட்டியின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும். காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். அடோபி மென்பொருட்களில் எழுத்துகளை அடுக்கித் தரும் கம்போசர்களில் இந்திய மொழிக்கான வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்திருந்தால்தான் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கும். டெம்ப்ளேட்டில் நீங்கள் அதைச் சரியாக வைத்திருப்பீர்கள். ஏஜென்ட் தானாக ஒரு புதுப் பெட்டியைப் போட்டால் அது சாதாரண கம்போசரோடு பிறக்கலாம், ‘கொ’வின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் பி.டி.எஃப்பைச் சரிபார்த்தால் பார்ட்டி கைக்குப் போகும் வரை இது தெரியாது.

லேயர், பெட்டி இவற்றின் பெயர்களைத் தமிழிலோ மலையாளத்திலோ வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள். யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்துக்குப் பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது கொம்பு, கால் என்று தனித்தனிக் குறிகளாக. பார்வைக்கு ஒன்றுதான். ஸ்கிரிப்ட் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு. மலையாளச் சில்லு எழுத்துகளிலும் (உயிர் சேராத மெய்க்கான தனி வடிவங்கள்) இதே தலைவலி உண்டு. 2008இல் யூனிகோட் 5.1 வந்தபோதுதான் அவற்றுக்குத் தனிக் குறிகள் கிடைத்தன, அதற்கு முன் செய்த ஃபைல்களில் வேறு மாதிரி இருக்கும். ‘கொடை விழா’ என்ற லேயர் கண்முன்னே இருக்கும்போது ‘அப்படி ஒன்று இல்லை’ என்று ஸ்கிரிப்ட் சாதிக்கும். ஆகவே பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

மதியம் வரை அசையாத வேலைக்கு வருவோம். எழுத்துரு இல்லை என்றோ, சேமிக்கவா என்றோ ஒரு பெட்டி திரையில் வந்து ‘ஓகே’வுக்குக் காத்திருந்திருக்கும். யாரும் பார்க்காத கம்ப்யூட்டரில் அதை அழுத்த ஆளில்லை. இதற்கு எவ்வளவு நல்ல விளக்கம் எழுதினாலும் தீராது. ஸ்கிரிப்ட்டைத்தான் திருத்த வேண்டும், நான் முதலில் சொன்ன கால்வாசி இது. எச்சரிக்கைப் பெட்டிகளைக் காட்டாதே என்ற அமைப்பு இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் இரண்டு ஸ்கிரிப்டிங்கிலும் உண்டு. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே அதைப் போடுங்கள். முடிந்ததும் ‘வேலை முடிந்தது’ என்று நீங்கள் வைத்திருக்கும் அலெர்ட் பெட்டியை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஏஜென்ட்டுக்குப் பதில் எழுதி அனுப்பச் செய்யுங்கள்.

அந்தப் பதிலும் ஆவணத்தில் ஒரு பகுதிதான். பலர் இதைக் கவனிப்பதில்லை. விளக்கத்தை ஏஜென்ட் வேலை தொடங்கும்போது படிக்கிறது, கருவி திருப்பி அனுப்பும் சேதியை வேலை நடுவில் படிக்கிறது. அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது அந்தச் சேதியை வைத்துத்தான். இப்போது உங்கள் ஸ்கிரிப்ட் தடுக்கி விழுந்தால் ‘எரர் 1302, நோ சச் எலிமென்ட்’ என்று மட்டும் வருகிறது. நமக்கே அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. “மணமகன் பெயருக்கான பெட்டி இந்த ஃபைலில் இல்லை. இருக்கும் பெட்டிகள் இவை. திறந்திருப்பது பத்திரிகை டெம்ப்ளேட்தானா என்று பார்க்கவும்” என்று வந்தால் ஏஜென்ட் தானே சரியான ஃபைலைத் திறந்துகொண்டு மறுபடி முயலும். வேலை நன்றாக முடிந்தாலும் வெறும் ‘ஓகே’ போதாது. எங்கே சேமித்தது, என்ன அளவு, எந்த எழுத்துரு கிடைக்கவில்லை, எந்தப் பெட்டியில் எழுத்து வழிகிறது என்பதையெல்லாம் சொல்லட்டும். எழுத்து வழிகிறதா என்று கேட்டால் உண்டு, இல்லை என்று பதில் சொல்லும் வசதி இன்டிசைனிலேயே இருக்கிறது. மலையாள வீட்டுப் பெயரும் தமிழ் இனிஷியலும் சேர்ந்து நீளும் கல்யாணப் பத்திரிகைகளில் இது ஒன்றே எவ்வளவோ காகிதத்தை மிச்சப்படுத்தும்.

பழைய ஃபைலின் மேலேயே எழுதிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும், கடிதத்தில் இல்லை. ‘அழிக்காதே’ என்று விளக்கத்தில் எழுதுவதைவிட, அழிக்க முடியாதபடி ஸ்கிரிப்ட்டை மாற்றுவது நல்லது. எப்போதும் ஆர்டர் எண்ணோடு புதுப் பெயரில் சேமிக்கட்டும், அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் மறுக்கட்டும். இந்தக் கருவி படிக்க மட்டும் செய்யும், இது அழிக்கக்கூடியது என்று குறிப்புப் போடும் வசதி எம்சிபியில் உண்டு. போடுங்கள், நல்லதுதான். ஆனால் அவை வெறும் குறிப்புகள், பூட்டு அல்ல.

முப்பது ஸ்கிரிப்ட்டையும் ஒரே நேரத்தில் இணைத்திருந்தால் அதைக் குறையுங்கள். எல்லாக் கருவிகளின் விளக்கமும் சேர்ந்து ஏஜென்ட்டின் நினைவில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட, ‘பேனர் புதுசு’, ‘பேனர் புதுசு 2’, ‘பேனர் ஃபைனல்’ என்று ஒரே மாதிரி மூன்று இருந்தால் எதை எடுப்பது என்று அது தடுமாறும். (அப்படி இருக்காது என்று சொல்லாதீர்கள், எல்லாக் கடையிலும் இருக்கும்.) தினமும் ஓடுகிற நான்கைந்தை மட்டும் முதலில் கொடுங்கள். பத்தில் ஒரு பங்கு, யூனிகோட், கேரளப் பேனரின் அடியில் போடும் வாசகம் மாதிரி எல்லா வேலைக்கும் பொதுவான விஷயங்களை ஒவ்வொரு விளக்கத்திலும் திரும்ப எழுதாமல் தனியாக ஒரு ஃபைலில் ஒரு பக்கத்துக்குள் எழுதி, ஏஜென்ட் எப்போதும் முதலில் அதைப் படிக்கும்படி வையுங்கள்.

இன்னொன்றையும் அந்தப் பக்கத்தில் சேர்க்கச் சொல்வேன்: ஏஜென்ட் தானாகப் புது ஸ்கிரிப்ட் எழுதக் கூடாது, இருப்பதைத்தான் ஓட்ட வேண்டும். உங்கள் ஸ்கிரிப்ட்கள் ஓடும் அடோபியின் எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழி 1999இன் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தை ஒட்டியது. இன்றைய ஜாவாஸ்கிரிப்ட்டைப் படித்து வளர்ந்த மாடல் அதில் இல்லாத சங்கதிகளையெல்லாம் சகஜமாக எழுதும், பாதியில் உடையும்.

எழுதி முடித்ததும் எப்படிச் சோதிப்பது? பழைய உரையாடல் எதுவும் இல்லாத புது ஜன்னலைத் திறந்து, போன மாதத்து ஆர்டர் சீட்டுகள் சிலவற்றை அப்படியே கொடுங்கள். கிறுக்கலான சீட்டும், அளவு எழுத மறந்த சீட்டும் அதில் இருக்கட்டும். எந்தக் கருவியை எடுக்கிறது, என்ன எண்ணைக் கொடுக்கிறது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்கிறதா என்று பாருங்கள். தப்பாகப் போனால் அங்கேயே ‘அப்படி இல்லை, இப்படி’ என்று பேசித் திருத்த வேண்டாம். அந்தத் திருத்தம் அந்த ஜன்னலோடு போய்விடும். விளக்கத்தைத் திருத்திவிட்டு மறுபடி புது ஜன்னல். உங்கள் அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். “இது கூடத் தெரியாதா இதுக்கு?” என்று அவர் கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் விளக்கத்தில் ஒரு வரி குறைகிறது என்று பொருள்.

தேர்தல் வேலையை மட்டும் ஏஜென்ட் பக்கம் விடாதீர்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி தேர்தல் நோட்டீஸ், சுவரொட்டிகளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் முகப்பிலேயே இருக்க வேண்டும், வெளியிடுபவரின் கையெழுத்திட்ட உறுதிமொழியும் உங்களிடம் இருக்க வேண்டும். விட்டுப்போனால் கேள்வி உங்களுக்குத்தான் வரும். ‘கட்சி, வேட்பாளர், சின்னம் என்று சீட்டில் எது இருந்தாலும் நிறுத்து’ என்று பொதுப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, தமிழா ஆங்கிலமா? கருவியின் பெயர், உள்ளீட்டின் பெயர், லேயரின் பெயர் ஆங்கில எழுத்தில். விளக்கத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். இன்றைய பெரிய மாடல்களுக்கு உங்கள் தமிழ் நன்றாகவே புரியும். அதே விஷயத்துக்குத் தமிழில் டோக்கன் (மாடல் எழுத்தை வெட்டிப் படிக்கும் துண்டு) கூடுதலாகச் செலவாகும் என்பது உண்மைதான், நான்கைந்து கருவிக்கு அது பெரிய கணக்கு இல்லை. உங்களுக்குத் தயக்கமில்லாமல் வரும் மொழியில் எழுதினால்தான் அண்ணனும் படித்துப் பார்த்துத் தப்புச் சொல்ல முடியும். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு பொருளுக்கு ஒரே சொல். ஓரிடத்தில் பேனர், இன்னோரிடத்தில் பிளக்ஸ், அப்புறம் போர்டு என்று எழுதினால் மூன்றும் வேறு வேறு என்று அது எடுத்துக்கொள்ளும். சீட்டில் பார்ட்டிகள் மூன்றையும் எழுதத்தான் செய்வார்கள், மலையாளத்தில் வேறு எழுதுவார்கள். ஆகவே பொதுப் பக்கத்தின் தலையிலேயே ‘பிளக்ஸ், போர்டு என்று சீட்டில் இருந்தால் பேனர் என்று கொள்ளவும்’ என ஒரு வரி போட்டுவிட்டு, கீழே முழுக்கப் பேனர் என்றே எழுதிப் போங்கள்.